பாதிவெட்டு ஆட்டம்: இருப்பதைக் காப்பவனே கெட்டிக்காரன்!



வேலை முடிந்து வந்து, குளித்து, தேத்தண்ணியும் குடித்தாயிற்று. இனிப் பொழுதுபோக்க என்ன வழி என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். பந்து விளையாட வேண்டுமென்றால் திடல் வேண்டும், பதினோரு பேர் சேர வேண்டும். நெகிரி செம்பிலானில் நீலாய், லாபு பக்கமெல்லாம் தோட்ட நிலம் வீடமைப்புப் பகுதியாக மாறி, கூடி விளையாடிய பிள்ளைகள் நாலா பக்கமும் பிரிந்து போனார்கள். ஆள் குறைந்த இடத்துக்கு ஏற்ற ஆட்டம் ஒன்று உண்டு. ஒரு வட்டப் பலகை, ஆறு அம்பு, ஒரு சுவர் போதும். அதுதான் டார்ட்ஸ்.

இங்கிலாந்தின் மதுக்கடைகளில் வளர்ந்த ஆட்டம் இது. ஆனால் ஆடுவதற்கு மதுவும் வேண்டாம், உடல் பலமும் வேண்டாம். கண்ணும் கையும் நிதானமாக இருந்தால் சரி. 2019 டிசம்பரில் ஃபாலன் ஷெராக் என்ற பெண்மணி, தொழில்முறை உலகப் போட்டியில் ஓர் ஆண் வீரரைத் தோற்கடித்த முதல் பெண் என்று பேர் வாங்கினார். இருட்டு விலகுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவிய நம் அக்காமார்களின் கைக்கு இந்த நிதானம் புதிதா என்ன?

டார்ட்ஸில் பல வகை ஆட்டங்கள் உண்டு. நெஞ்சு படபடக்கும் வகை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'ஹாவ்-இட்' என்பார்கள். நாம் 'பாதிவெட்டு' என்று வைத்துக்கொள்வோம். ஏன் அந்தப் பெயர்? ஒரு சுற்றில் எறியும் மூன்று அம்பும் குறி தவறினால், அதுவரை சேர்த்த புள்ளியில் சரிபாதி போய்விடும்!

ஆடும் முறை

பலகையின் நடுப்பொட்டு தரையிலிருந்து 5 அடி 8 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். எறிபவர் நிற்கும் கோடு, பலகையின் முகப்பிலிருந்து 7 அடி 9¼ அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். பலகையில் 1 முதல் 20 வரை எண்கள். ஓரத்து மெல்லிய வளையத்தில் பட்டால் அந்த எண் இரட்டிப்பு. உள்வளையத்தில் பட்டால் மும்மடங்கு. நடுப்பொட்டுக்கு 50, அதைச் சுற்றிய வட்டத்துக்கு 25.

பாதிவெட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் குறி முன்கூட்டியே தீர்மானம். ஊருக்கு ஊர் வரிசை மாறும். பரவலாக ஆடும் வரிசை ஒன்று இது: 15, 16, ஏதாவது ஓர் இரட்டிப்பு, 17, 18, ஏதாவது ஒரு மும்மடங்கு, 19, 20, கடைசியாக நடுப்பொட்டு. மொத்தம் ஒன்பது சுற்று. அந்தச் சுற்றின் குறியில் பட்ட அம்புக்கு மட்டுமே புள்ளி. 17-ஆம் எண் சுற்றில் 20-இல் பட்டால் ஒன்றும் கிடையாது. ஓர் அம்பாவது பட்டால் தப்பித்தோம். ஒன்றுமே படாவிட்டால் பாதி வெட்டு. பாதியில் அரைப் புள்ளி வந்தால் மேலே கூட்டுவதா, விடுவதா என்பதை ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். பிறகு சண்டை வராது.

மாமாவும் மருமகனும்

ஒரு கணக்குப் பார்ப்போமா? மருமகன் துணிச்சல்காரன், எப்போதும் மும்மடங்குக்கே குறி வைப்பான். மாமா நிதானக்காரர். முதல் சுற்றில் மருமகனுக்கு 45, மாமாவுக்கு 30. இரண்டாம் சுற்று முடிய மருமகன் 93, மாமா 62. மூன்றாவது இரட்டிப்புச் சுற்று. மருமகனின் மூன்றும் தவறியது. 93-இல் பாதி, மேலே கூட்டி 47. மாமா ஒரு 16-இன் இரட்டிப்பைத் தட்டி 94-க்கு வந்தார்.

அடுத்து 17, 18 சுற்றுகளில் மருமகன் 151, மாமா 146. மும்மடங்குச் சுற்றில் மாமாவுக்கு வெட்டு, 73 ஆனார். மருமகன் 60 எடுத்து 211. "என்ன மாமா, வீட்டுக்குப் போகலாமா?" என்று பையன் சீண்டுகிறான். 19, 20 சுற்றுகளும் முடிந்தன. மருமகன் 328, மாமா 151.

கடைசி நடுப்பொட்டு. மருமகனின் மூன்று அம்பும் விலகின. 328-இல் பாதி, 164! மாமா ஒரே ஓர் அம்பைச் சுற்றுவட்டத்தில் குத்தினார். 25 சேர்ந்து 176. "இப்ப போலாம்டா மருமவனே!"

இந்த ஆட்டத்தின் சூட்சுமம் இதில் தெரிகிறதல்லவா? புள்ளி ஏற ஏற, தவறின் விலையும் ஏறுகிறது. நடுப்பொட்டில் மூன்று அம்பும் குத்தினாலும் கிடைப்பது 150தான். 328 வைத்திருப்பவன் தவறினால் இழப்பது 164.

வெல்லும் வழி

முதல் அம்பு காவல் அம்பாக இருக்கட்டும். எண் சுற்றுகளில் மும்மடங்கு வளையத்துக்கும் இரட்டிப்பு வளையத்துக்கும் நடுவே உள்ள அகன்ற பகுதியைப் பாருங்கள். ஒன்று அங்கே விழுந்துவிட்டால் வெட்டு கிடையாது. மீதி இரண்டையும் துணிந்து மும்மடங்குக்கு விடலாம். அதிகப் பால் வரட்டும் என்று உளியை ஆழமாக இறக்கினால் மரத்துக்குக் காயம்தான் மிச்சம் என்பது நமக்குத் தெரியாததா?

இரட்டிப்பு வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்தச் சுற்றில் எந்த எண்ணின் இரட்டிப்பும் செல்லும். ஆகவே உங்கள் கை எப்படித் தவறுகிறது என்று கவனியுங்கள். அம்பு மேலும் கீழுமாகப் போகிறவர்கள் வலது ஓரத்து 6 அல்லது இடது ஓரத்து 11-ஐக் குறி வையுங்கள். அங்கே வளையம் மேல்கீழாக ஓடுவதால், சற்று ஏறினாலும் இறங்கினாலும் வளையத்துக்குள்ளேயே விழும். இடம் வலமாகத் தவறுகிறவர்களுக்கு உச்சியிலுள்ள 20-உம் அடியிலுள்ள 3-உம் தோது. மும்மடங்குச் சுற்றுக்கும் இதே வழிதான்.

பயிற்சி எதில் வேண்டும்? பலரும் 20-ஐயே குத்திக்கொண்டிருப்பார்கள். கணக்கைப் பாருங்கள். பத்து அம்பில் ஒன்றுதான் குறியில் படும் என்றால், மூன்றும் தவற நூற்றுக்கு 73 வாய்ப்பு. ஐந்தில் ஒன்று படும் அளவுக்குப் பழகினால் அது 51. மூன்றில் ஒன்று என்றால் 30. ஆகவே வராத குறியைப் பழகுங்கள். இரட்டிப்பு, மும்மடங்கு, நடுப்பொட்டு, இந்த மூன்றுதான் ஆளைக் கவிழ்ப்பவை.

பெரிய வீரர்களுக்கும் இது பொது. பக்கத்துச் சிங்கப்பூரில் பிறந்த பால் லிம், 1990-இல் உலகப் போட்டியில் 501 புள்ளியை ஒன்பதே அம்பில் முடித்தார். அந்தப் போட்டியின் வரலாற்றில் அதுவே முதல் தடவை. பரிசு 52,000 பவுன். அதே மனிதர் 2017 டிசம்பரில் மறுபடி எட்டு அம்பைச் சரியாகக் குத்திவிட்டு, ஒன்பதாவதை 12-இன் இரட்டிப்பில் தவறவிட்டார்.

பணம் வைக்காதீர்கள்

படபடப்பான ஆட்டம் என்றால் பந்தயம் தானாக நுழையும். "பத்து வெள்ளிதானே அண்ணே, விட்டதை அடுத்த ஆட்டத்தில் இரட்டிப்பாக வைத்துப் பிடிச்சிடலாம்" என்பார்கள். 10, 20, 40, 80, 160, 320, 640 என்று ஏழு தடவை தோற்றால் போனது 1,270 வெள்ளி! 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் மிஞ்சுவது 430. கடைக்காரருக்கு என்ன பதில், பிள்ளையின் பள்ளிப் பேருந்துக்கு என்ன பதில்? பலகையில் வெட்டுப்பட்ட புள்ளி அடுத்த ஆட்டத்தில் புதிதாகத் தொடங்கும். சம்பளத்துக்கு அடுத்த மாதம்தான். சூதாட்ட இடம் நடத்துவதைத் தடுக்க 1953-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. தோற்றவர் எல்லாருக்கும் தேத்தண்ணி போடட்டும், அது போதும்.

பலகையைக் கதவில் மாட்டாதீர்கள். யாராவது திறந்துகொண்டு வந்தால் கண்ணுக்கு ஆபத்து. சின்னப் பிள்ளைகள் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஆனால் புள்ளிக் கணக்கு எழுதும் வேலையை அவர்களிடமே கொடுங்கள். இரட்டிப்பும், மும்மடங்கும், பாதியும் விரல் விட்டு எண்ணாமல் வரத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை தோட்ட மண்டபத்திலோ, அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலோ ஒரு பலகை மாட்டிப் பாருங்கள். பிரிந்து போன பழைய தோட்டத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.