குட்டி வேண்டாம், வளர்ந்ததைத் தாருங்கள்

விலங்குக் காப்பகத்துக்குத் தத்தெடுக்க வருகிறவர்களில் பலர் கேட்பது ஆண் குட்டி. இரண்டு மாதத்துக்குள் இருந்தால் நல்லது, வெள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. பெட்டைக் குட்டி என்றதும் முகம் மாறுகிறது. மூன்று வயது நாய் என்றால் பேச்சே நின்றுவிடுகிறது. ஆனால் வீடு அவசரமாகத் தேவைப்படுவது அந்த மூன்று வயது நாய்க்குத்தான்.

சென்னை கிண்டியில், வேளச்சேரி சாலையில் இருக்கும் ப்ளூ கிராஸ், நாட்டின் பழைய காப்பகங்களில் ஒன்று. 1959இல் தியாகராய நகர் மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி.சுந்தரம் வீட்டுக்குத் தூக்கிவந்ததில் தொடங்கிய அமைப்பு அது. அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானி. 1951இல் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் பறந்து சாதனை படைத்த தம்பதி அவர்கள். அவர்களுடைய மகன் சின்னி கிருஷ்ணா, நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று மாநகராட்சியிடம் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1964இல் ப்ளூ கிராஸ் தன் பொறுப்பில் அதைத் தொடங்கியது. மாநகராட்சி அதை ஏற்க 1996 வரை ஆனது. அதுவரை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்தார்கள். கடைசி ஆண்டுகளில் ஒரே நாளில் 135 நாய்கள் வரைகூட. அப்படியும் தெருவில் நாய்கள் குறையவில்லை. ஒரு தெருவைக் காலிசெய்தால் பக்கத்துத் தெரு நாய்கள் அங்கே வந்துவிடும்.

இன்றைய முறையில், பிடித்த நாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்ததும், காதில் சிறு வெட்டு அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். 2001இல் வந்த மத்திய அரசின் விதிகளும் இதைத்தான் சொல்லின. அப்படியானால் காப்பகத்தில் தங்கிவிடுபவை எவை? லாரி ஏறிக் கால் இழந்தவை. பார்வை போனவை. தாயை இழந்த குட்டிகள். இவற்றோடு, ஆசையாக விலைகொடுத்து வாங்கப்பட்டு, தோல்நோய் வந்ததும் கைவிடப்பட்ட லாப்ரடார்களும், சென்னை வெயிலில் மூச்சிரைக்கும் ஹஸ்கிகளும். தெருவில் பிழைக்கத் தெரியாத இந்த வீட்டு நாய்களின் நிலைதான் மிகவும் பரிதாபம்.

தெருவில் குட்டியைக் கண்டதும் ஆட்டோ பிடித்துக் காப்பகத்தில் விட்டுவிட்டு, நல்லது செய்த நிம்மதியோடு திரும்புகிறவர்கள் உண்டு. நோக்கம் நல்லதுதான், பலன்தான் பெரும்பாலும் வேறு. பார்வோ என்ற வைரஸ் தடுப்பூசி போடாத குட்டிகளை வாந்தியும் ரத்தப்பேதியுமாகச் சில நாட்களில் கொன்றுவிடும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நோயுற்ற விலங்குகள் தினமும் வந்துபோகும் இடத்தில் அதை முழுவதும் தடுப்பது கடினம். தாய் அருகில் இருந்தால் குட்டியை எடுக்காமல் விடுவதே நல்லது. தாய் இல்லையென்றால், வேறு வீடு கிடைக்கும்வரை சொந்த வீட்டு மூலையில் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக்கொள்வது, காப்பக வாசலில் விடுவதைவிடப் பெரிய உதவி. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி.

பெட்டை வேண்டாம் என்பதற்குச் சொல்லப்படும் காரணம், குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் என்பது. ஒரு அறுவை சிகிச்சையோடு தீர்ந்துபோகிற கவலை இது. அதற்காகத்தான் எத்தனையோ பெட்டைக் குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டுக் குப்பைத்தொட்டியில் விழுகின்றன.

வளர்ந்த நாயிடம் ஊகத்துக்கு இடமில்லை. எவ்வளவு உயரம் என்பது கண்ணெதிரே தெரிகிறது. குழந்தைகளோடு ஒத்துப்போகுமா, பூனையைக் கண்டால் என்ன செய்யும் என்று தினமும் சோறு வைக்கும் ஊழியர்களைக் கேட்டாலே தெரிந்துவிடும். நாட்டு நாயாக இருந்தால் இந்த வெயிலுக்கு ஏற்ற குட்டை ரோமமும் கூடவே வருகிறது. வந்த புதிதில் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளலாம், சாப்பிட மறுக்கலாம். அதற்காக உடனே திருப்பிக் கொண்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சில வாரம் பொறுத்திருந்தால் போதும். வீட்டு மனிதர்களின் காலடிச் சத்தத்தைத் தனித்தனியாக அறிந்துகொள்ளும்.

நல்ல காப்பகம் கேள்வி கேட்டுத்தான் நாயைத் தரும். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, வாடகை வீடென்றால் உரிமையாளருக்குத் தெரியுமா, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று விசாரிப்பார்கள். கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும். திரும்பிவரும் நாய் இரண்டாம் முறை கைவிடப்பட்ட நாய். அடுக்குமாடி நலச்சங்கம் நாய் வளர்க்கவே கூடாது என்றால் அதற்குப் பயப்படத் தேவையில்லை. அப்படித் தடை போட சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்று விலங்குகள் நல வாரியம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சி உரிமமும் வாங்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம் தெருநாய்கள் குறித்துப் பிறப்பித்த உத்தரவில் தத்துக்கும் இடம் இருந்தது. விரும்புகிறவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம். அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு. சென்னையில் மட்டும் ஏறத்தாழ 1.8 லட்சம் தெருநாய்கள் என்கிறது மாநகராட்சியின் 2024 கணக்கெடுப்பு. அத்தனைக்கும் வீடு கிடைக்கப்போவதில்லை. தெருவில் வாழ முடியாத சில நூறு நாய்களுக்குக் கிடைக்கலாம். நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாதவர்கள், அறுவை சிகிச்சை முடிந்த நாயைக் காயம் ஆறும்வரை தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா என்று அருகிலுள்ள காப்பகத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஒரு நாய் வெளியே போனால், மருத்துவம் காத்திருக்கும் இன்னொன்றுக்கு அந்த இடம் கிடைக்கும்.