பள்ளியிலேயே கல்லூரிக் கிரெடிட்: ஏற்கப்போவது யார்?

அமெரிக்காவில் பிள்ளையை உயர்நிலைப் பள்ளியில் சேர்த்த முதல் ஆண்டிலேயே பெற்றோர் காதில் ஏபி, டூயல் என்ரோல்மென்ட் என்ற பேச்சு விழத் தொடங்கிவிடும். பள்ளியிலேயே கல்லூரிக் கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் வரும் பாட அலகு, சேர்க்கும் இரு வழிகள் இவை. ஏபி என்பது பள்ளியில் படிக்கும் கல்லூரித் தரப் பாடமும், அதற்குக் காலேஜ் போர்டு என்ற அமைப்பு ஆண்டுதோறும் மே மாதம் நடத்தும் தேர்வும். மதிப்பெண் 1 முதல் 5 வரை. டூயல் என்ரோல்மென்ட் என்பது பள்ளியில் இருந்துகொண்டே ஒரு கல்லூரியிலும், பெரும்பாலும் பக்கத்திலுள்ள சமுதாயக் கல்லூரியில், மாணவராகப் பதிந்து அதன் பாடத்தைப் படிப்பது. 2022-23 கல்வியாண்டில் மட்டும் ஏறக்குறைய 25 லட்சம் பள்ளி மாணவர்கள் இப்படிப் படித்தார்கள். இன்று அந்நாட்டுச் சமுதாயக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பள்ளிப் பிள்ளைதான். ஏபி தேர்வுக்கு 100 டாலர் அளவில்தான் செலவு. அதே பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்தால் ஆயிரக்கணக்கில் ஆகும். ஆகவே ஆசை நியாயமானதே. ஆனால் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களில் “உங்கள் பையன் எத்தனை ஏபி எடுக்கிறான்?” என்று கேட்பது பழைய “எத்தனை மார்க்கு?” என்பதன் மறுபிறவியாகிவிட்டது. அந்த எண்ணிக்கைதான் குடும்பங்களைத் தவறான வழியில் இழுத்துப் போகிறது. இந்தக் கிரெடிட் ரொக்கமல்ல, காசோலை. அது எவ்வளவு பெறும் என்பதை எழுதிக் கொடுத்தவர் முடிவு செய்வதில்லை, நாளை அதை வாங்கிக்கொள்ளும் கல்லூரிதான் முடிவு செய்கிறது.

ஏபியை எடுத்துக்கொள்வோம். இல்லினாய், ஓஹாயோ போன்ற மாநிலங்களில் 3 மதிப்பெண் வாங்கினாலே அரசுக் கல்லூரிகள் கிரெடிட் தந்தாக வேண்டும். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள் தொடக்கநிலைப் பாடங்களுக்கு 3க்கு மேல் கேட்க விரும்பினால், அப்படிக் கேட்பது ஏன் அவசியம் என்பதைச் சான்றோடு நிறுவ வேண்டும். 2015இல் வந்த சட்டம் அப்படிச் சொல்கிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் 3 முதல் கிரெடிட் தருகிறது. தனியார் பல்கலைக்கழகங்களுக்கு இந்தக் கடமை எதுவும் இல்லை. டார்ட்மத் கல்லூரி 2014இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து ஏபிக்குப் பட்டக் கிரெடிட் தருவதை நிறுத்திவிட்டது. மேல்நிலை வகுப்பில் உட்கார அனுமதிப்பதோடு சரி. கால்டெக் ஏபிக்குக் கிரெடிட் தருவதே இல்லை. எம்ஐடி மிகச் சில தேர்வுகளை மட்டும், அதுவும் 5 பெற்றிருந்தால் ஏற்கிறது. ஒரே பிள்ளை, ஒரே தேர்வு, ஒரே மதிப்பெண். ஓரிடத்தில் அது ஒரு பாடத்தின் கட்டணத்தை மிச்சப்படுத்துகிறது, இன்னோரிடத்தில் ஒரு டாலரும் பெறுவதில்லை. பிள்ளை சேர ஆசைப்படும் கல்லூரி எவ்வளவு புகழ்பெற்றதோ அந்த அளவுக்கு இந்தக் காசோலை திரும்பி வரும் வாய்ப்பும் பொதுவாகக் கூடுகிறது. பத்து ஏபி எடுக்கச் சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் இதை யாரும் சொல்வதில்லை.

ஏற்றுக்கொண்டார்கள் என்பதாலும் வேலை முடிந்துவிடவில்லை. கிரெடிட்டை வாங்கிக்கொள்வது ஒன்று, அதைப் பட்டத்துக்குத் தேவையான பாடத்தின் இடத்தில் வைப்பது வேறொன்று. பொறியியல் மாணவர் கொண்டுவரும் உளவியல் கிரெடிட்டைக் கல்லூரி மறுக்காது. ‘விருப்பப் பாடம்’ என்று ஓரத்தில் போட்டுவிடும். நான்காண்டுப் படிப்பில் ஒரு நாள்கூடக் குறையாது. அதே மாணவரின் ஆங்கிலக் கட்டுரைப் பாடமோ அமெரிக்க வரலாறோ பொதுப்பாடத் தேவையை நிறைவு செய்தால் உண்மையான மிச்சம் உண்டு. மருத்துவம் படிக்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உயிரியல், வேதியியல் போன்ற முன்தேவைப் பாடங்களுக்கு ஏபி கிரெடிட்டை ஏற்காத மருத்துவக் கல்லூரிகள் பல. ஏற்பவற்றிலும் சில, அதே துறையில் அடுத்த நிலைப் பாடத்தைக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்கின்றன.

எனக்கு இதைவிடப் பெரிய ஆபத்தாகத் தெரிவது டூயல் என்ரோல்மென்ட்டின் அழியாத பதிவு. ஏபி தேர்வு சரியாக அமையாவிட்டால் மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பாமல் விடலாம், அடியோடு ரத்து செய்யவும் வழியுண்டு. டூயல் என்ரோல்மென்ட்டில் அந்தக் கதவு கிடையாது. பதினாறு வயதில் சமுதாயக் கல்லூரிக் கணக்கு வகுப்பில் வாங்கிய ‘டி’ அந்தக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக நிற்கும். பிறகு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் முன்பு படித்த கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டையெல்லாம் கேட்கின்றன. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை பயன்படுத்தும் பொது விண்ணப்ப முறையான ஆம்காஸ், பள்ளிப் பருவத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களையும் கேட்டு வாங்கி ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) கணக்கில் சேர்க்கிறது. கல்வி உதவித்தொகையிலும் இதன் நிழல் விழும். மத்திய அரசின் உதவி தொடர வேண்டுமானால் மாணவர் பதிந்த பாடங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையாவது முடித்திருக்க வேண்டும். ஜிபிஏவும் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது. பள்ளி நாட்களில் பாதியில் விட்ட வகுப்பில் விழுந்த ‘டபிள்யூ’, பின்னர் அதே கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேரும்போது இந்தக் கணக்கில் வந்து நிற்கும். ஓஹாயோவின் காலேஜ் கிரெடிட் பிளஸ் திட்டத்தில் பாடத்தில் தோற்றவரிடம் செலவைத் திருப்பிக் கேட்கப் பள்ளி மாவட்டத்துக்கு உரிமையும் உண்டு. வறிய குடும்பங்களுக்கு இதில் பாதுகாப்பு இருக்கிறது.

இத்தனை ஆபத்து இருந்தால் விலகி நிற்பதுதானே நல்லது என்று கேட்கலாம். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. பள்ளியையும் கல்லூரியையும் ஒன்றாக இணைத்த ‘ஏர்லி காலேஜ்’ பள்ளிகளில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள் என்ற அமைப்பு 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இடம் கிடைத்தவர்கள் கல்லூரியில் சேர்வதும் பட்டம் பெறுவதும் கூடுதல் என்று அது காட்டியது. குலுக்கல் என்பதால் ‘கெட்டிக்காரப் பிள்ளைகள்தானே அங்கே போகிறார்கள்’ என்ற வழக்கமான ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தப் பள்ளிகளில் பாடங்கள் கைக்கு வந்தபடி பொறுக்கப்படுவதில்லை. எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடம் என்று முதலிலேயே வகுத்து, ஆலோசகரும் துணைக்கு நிற்கிறார். நான் சொல்லவருவதும் இதுதான்: கிரெடிட் பயன் தருகிறது, போகும் இடம் தெரிந்து சேர்த்தால்.

‘கிரெடிட் கிடைக்காவிட்டாலும் சேர்க்கைக்கு உதவுமே’ என்பது மற்றொரு வாதம். உண்மைதான். பள்ளியில் கிடைத்த கடினமான பாடங்களை மாணவர் எடுத்தாரா என்று சேர்க்கை அலுவலர்கள் பார்க்கிறார்கள். ஆனால் அந்த நோக்கத்துக்கு நன்றாகப் படித்த நான்கைந்து பாடங்கள் போதும். தூக்கம் கெட்டுப் படித்த பன்னிரண்டில் மூன்று ‘சி’ விழுந்தால் உள்ள பெயரும் போய்விடும். தேர்வின் அளவுகோலும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஏபி அமெரிக்க வரலாற்றில் 3 அல்லது அதற்கு மேல் பெற்றவர்கள் 2023இல் பாதிக்கும் குறைவு, 2024இல் 70 விழுக்காட்டுக்கு மேல். ஓராண்டில் மாணவர்கள் இவ்வளவு மாறிவிடவில்லை. மதிப்பிடும் முறை மாறியது. இப்படி மதிப்பெண் எளிதாகும்போது, சட்டக் கட்டாயம் இல்லாத கல்லூரிகள் தங்கள் வரம்பை உயர்த்தினால் அவற்றைத் தடுப்பார் யாருமில்லை.

இனி உரிமைகள். டூயல் என்ரோல்மென்ட்டுக்கு யார் பணம் கட்டுவது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இதற்கென முதலில் சட்டம் இயற்றிய மினசோட்டாவில் (1985) கல்விக் கட்டணத்தோடு தேவையான பாடநூல்களும் இலவசம். ஃபுளோரிடாவில் பதிவு, கல்வி, ஆய்வகக் கட்டணங்கள் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தின் ரன்னிங் ஸ்டார்ட் திட்டத்தில் கல்விக் கட்டணம் இல்லையென்றாலும் புத்தகமும் போக்குவரத்தும் குடும்பத்தின் பொறுப்பு. டெக்சாஸ் 2023 முதல் வறிய குடும்பத்து மாணவர்களுக்குக் கட்டணமின்றி வழங்கப் பணம் ஒதுக்குகிறது. பள்ளி பில் நீட்டியவுடன் கட்டிவிடாமல், மாநிலக் கல்வித்துறையின் விதியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

பல பெற்றோரைத் திகைக்க வைக்கும் விதி ஒன்று உண்டு. கல்விப் பதிவுகள் பற்றிய 1974ஆம் ஆண்டு மத்தியச் சட்டமான ஃபெர்ப்பாவின்படி, கல்லூரியில் பதிந்த நொடியிலிருந்து அந்தக் கல்லூரிப் பதிவுகள்மீதான உரிமை மாணவருடையது, வயது பதினெட்டு ஆகாவிட்டாலும். மகள் மூன்று அசைன்மென்ட்டைத் தரவில்லை என்று பேராசிரியர் வீட்டுக்கு ஃபோன் செய்யமாட்டார். நீங்கள் கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை. வரிக்கணக்கில் பிள்ளை உங்களைச் சார்ந்தவராக இருந்தால் கல்லூரி சொல்லலாம், கட்டாயமில்லை. கல்லூரி பள்ளிக்கு அனுப்பும் விவரத்தைப் பள்ளியிடம் கேட்டுப் பார்க்கும் உரிமை பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்வரை உங்களுக்கு உண்டு. மாற்றுத்திறனாளி மாணவர்களின் நிலையும் இப்படியே மாறுகிறது. பள்ளி அவர்களுக்கென வகுத்த தனிக் கல்வித் திட்டமான ஐஇபி கல்லூரி வகுப்புக்குத் தானாகக் கூட வராது. கல்லூரியின் மாற்றுத்திறனாளி சேவை அலுவலகத்தில் மாணவரே விண்ணப்பிக்க வேண்டும். ஏபி தேர்வில் கூடுதல் நேரம் வேண்டுமானால் காலேஜ் போர்டின் தனி ஒப்புதல் வேண்டும். நியாயமான வசதி மறுக்கப்பட்டால் மத்தியக் கல்வித்துறையின் சிவில் உரிமை அலுவலகத்துக்குப் புகார் செய்யலாம். காலக்கெடு பொதுவாக 180 நாட்கள்.

தீர்வுகளில் பெரும்பாலானவை பதிவுப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை. பிள்ளை சேர விரும்பும் மூன்று நான்கு கல்லூரிகளின் ஏபி அட்டவணையையும் பாட ஈடுப் பட்டியலையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் பாட ஈட்டைக் காட்டும் ‘அசிஸ்ட்’ தளமும், ஃபுளோரிடாவில் மாநிலம் முழுவதற்குமான பொதுப் பாட எண்களும், டெக்சாஸில் 42 கிரெடிட் பொதுப்பாடத் தொகுப்பும் இருக்கின்றன. மாநிலத்துக்குள்ளேயே படிக்கப்போகும் பிள்ளைக்கு இவைதான் உறுதியான தரை. ஐயம் இருந்தால் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எடுத்து வையுங்கள். பள்ளி கவுன்சிலரின் வாய்மொழி உறுதி அந்தக் கல்லூரியைக் கட்டுப்படுத்தாது. வகுப்பு தொடங்கியதும் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: சுவடில்லாமல் விலகக் கடைசி நாள், ‘டபிள்யூ’வோடு விலகக் கடைசி நாள். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் எழுதிய கட்டுரைகளையும் பத்திரப்படுத்துங்கள். கிரெடிட்டை மறுத்தாலோ விருப்பப் பாடமாகத் தள்ளினாலோ மறுபரிசீலனை கேட்கலாம். சிலபஸைக் காட்டித் துறையிடம் முறையிட்டு முடிவை மாற்றியவர்கள் இருக்கிறார்கள், வெறுங்கையோடு போனவர்களின் பேச்சு எடுபடுவதில்லை. பள்ளி முடிந்ததும் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டைத் தனியாகக் கேட்டு அனுப்ப வேண்டும், பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் பெயர் இருப்பது போதாது. ஏபி மதிப்பெண்ணை ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்ப ஜூன் 20 வரை நேரமுண்டு.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு உரிய, ஆனால் பலர் கவனிக்காத வாய்ப்பு ஒன்றும் இருக்கிறது. ஏபியில் தமிழ் இல்லை, கல்லூரிக் கிரெடிட்டுக்கான மற்றொரு தேர்வான கிளெப்பிலும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி பெற்றவர்களுக்கென கலிஃபோர்னியா 2011இல் தொடங்கி வைத்த இருமொழி முத்திரையை இன்று பல மாநிலங்கள் பள்ளிப் பட்டயத்தில் பொறிக்கின்றன, தமிழுக்கும் தேர்ச்சித் தேர்வு உண்டு. இந்த முத்திரைக்குக் கல்லூரிக் கிரெடிட் கிடைக்குமா என்பது மாநிலத்தையும் கல்லூரியையும் பொறுத்தது. மினசோட்டாவில், உரிய தேர்ச்சி நிலையைக் காட்டி முத்திரை பெற்றவருக்கு மினசோட்டா ஸ்டேட் கல்லூரிகள் மொழிக் கிரெடிட் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று கல்வியாண்டுகளுக்குள் மாணவரே அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவருக்குத் தானாக வராது.