உணவகத் தொழிலில் ஆள் அமர்த்தும் முறை

வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலுக்கென ஒன்பதாம் அதிகாரத்தை வகுத்தார். தக்கவரை ஆராய்ந்து தேர்வதற்குத் தெரிந்துதெளிதல் என்றும், தேர்ந்தவரைப் பணியில் அமர்த்துவதற்குத் தெரிந்துவினையாடல் என்றும் வேறு இரண்டு அதிகாரங்களை அமைத்தார். பின்னவை இரண்டும் அரசனுக்கு உரைக்கப்பட்டவை. ஆயினும், விருந்தோம்பலே ஒரு தொழிலாகிவிட்ட இக்காலத்தில் இம்மூன்றையும் ஒருங்கே வைத்து எண்ணத்தக்க இடம் உணவகமே ஆகும். இலையில் வைக்கப்படும் உணவின் சுவையை ஆராயும் நாம், அதைச் சமைத்தவரும் பரிமாறுபவரும் எவ்வாறு வேலைக்கு வந்தனர் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

உறவுவழி ஆளெடுப்பு

தமிழகத்துப் பெருநகரங்களில் சென்ற நூற்றாண்டில் பரவிய உடுப்பி ஓட்டல்கள், பெரும்பாலும் உரிமையாளரின் ஊராரையும் உறவினரையும் கொண்டே நடந்தன. ஊரிலிருந்து வரும் சிறுவன் உணவும் உறைவிடமும் பெற்று, எடுபிடி வேலையில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தான். சென்னையில் 1938-இல் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ் அவ்வாறு எளிய வேலையிலிருந்து உயர்ந்தவரே. இம்முறையில் நம்பிக்கை இருந்தது. தொழிலும் கைமாறிக் கற்பிக்கப்பட்டது. ஆனால், உறவும் சாதியும் அல்லாதவர்க்குச் சமையற்கட்டின் கதவு அடைபட்டே கிடந்தது. ஓட்டல் பெயர்ப்பலகையில் சாதிப்பெயர் இடம்பெறுவதை எதிர்த்துப் பெரியார் 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் போராட்டம் நடத்தியதை இங்கு நினைவுகூரலாம்.

இன்றைய நிலை

இன்று சிறிய, நடுத்தர ஓட்டல்களில் விளம்பரமோ விண்ணப்பமோ பெரும்பாலும் இல்லை. மாஸ்டர் ஒருவர் சேர்ந்தால், தமக்குத் தெரிந்த துணையாட்களையும் அழைத்து வருகிறார். அவர் விலகினால் அவர்களும் விலகுகின்றனர். சரக்கு மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், சப்ளையர், மாவு அரைப்பவர், மேசை துடைப்பவர், பாத்திரம் கழுவுபவர் என நீளும் இவ்வரிசையில் மேலிருப்பவர்க்குப் பேரம் பேசும் வலிமை உண்டு. கீழிருப்பவர்க்கு அது மிகக் குறைவு.

அமராவதி ஆற்றங்கரையில் அமைந்த கொமரலிங்கம் போன்ற ஊர்களிலிருந்து நோக்கினால் இதன் மற்றொரு பக்கமும் விளங்கும். திருப்பூர்ப் பனியன் தொழில், சனிக்கிழமைதோறும் கூலி தந்து இளைஞரை ஈர்க்கிறது. விடியற்காலை அடுப்பு மூட்டி இரவு வெகுநேரம் வரை நிற்க வேண்டிய ஓட்டல் வேலைக்கு உள்ளூரார் தயங்குகின்றனர். அவ்விடங்களைப் பிற மாவட்டத்தாரும் வடமாநிலத்தாரும் நிரப்புகின்றனர். ஊரும் மொழியும் புதியனவாக உள்ளவர்க்கு அழைத்து வந்தவரே முதலாளிக்கும் அவர்க்கும் இடையே நிற்கும் ஒரே பாலம்.

நட்சத்திர விடுதிகளின் முறை வேறு. வரவேற்பு, அறைப் பராமரிப்பு, சமையல், பரிமாறுதல் எனத் துறைகளைப் பிரித்து, உணவக மேலாண்மை பயின்றோரை நேர்முகத் தேர்வு நடத்தி எடுக்கின்றனர். சென்னைத் தரமணியிலுள்ள நடுவண் அரசு சார்ந்த நிறுவனம் இக்கல்வியை அளிக்கிறது. படிப்பினூடே விடுதியில் பயிற்சி, பின்னர்த் தகுதிகாண் பருவம், அதன்பின் நிரந்தரப் பணி என்பது பொதுவான ஒழுங்கு.

முன்பணம் என்னும் கயிறு

ஆள் கிடைப்பது அரிதாகும்போது முதலாளி முன்பணம் தருகிறார். திருமணம், மருத்துவம், வீட்டுக்கடன் என்று தொழிலாளியும் அதைப் பெறுகிறார். இதுவரை தவறில்லை. கணக்கு எழுதப்படாமலும், கடன் தீரும்வரை வேறிடம் செல்லக்கூடாது என்ற கட்டுப்பாட்டுடனும் அது அமையும்போது உதவி தளையாக மாறுகிறது. கடனுக்கு ஈடாக உழைப்பைக் கட்டிவைக்கும் இம்முறையை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியது. அத்தகைய கடனையும் செல்லாததாக்கியது. வறுமையின் நெருக்கடியால் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழாக உழைப்பதும் கட்டாய உழைப்பே என 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் தரும் காப்பு

உணவு நிறுவனங்களுக்கென 1958-இலேயே நம் மாநிலத்தில் தனிச் சட்டம் பிறந்தது. நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என அது வேலை நேரத்தை வரையறுத்தது. 14 வயதுக்குட்பட்டோரை ஓட்டல், தேநீர்க்கடைகளில் அமர்த்துவது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையை எல்லாத் தொழில்களுக்கும் விரித்தது.

பத்துப் பேர் பணிபுரியும் உணவகத்துக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடும், இருபது பேர் பணிபுரியும் உணவகத்துக்கு வருங்கால வைப்பு நிதியும் உரியன. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பணி நியமனக் கடிதத்தை வலியுறுத்துகின்றன. வேலை, ஊதியம், சேர்ந்த நாள் ஆகியவை எழுத்தில் இருந்தால் பின்னாளைய வழக்குகளுள் பெரும்பாலானவை எழவே மாட்டா.

நம் கடமை

மாணவர் பலர் நாளை இத்துறையில் ஊழியராகவோ உரிமையாளராகவோ நுழையக்கூடும். ஊழியராவோர் நியமனக் கடிதம் கேட்டுப் பெறுதல் வேண்டும். முன்பணம் வாங்கினால் கணக்கின் படியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளல் வேண்டும். உரிமையாளராவோர், நல்ல ஆள் நிலைப்பது கடனால் அன்று. ஒழுங்கான ஊதியத்தாலும் வார விடுப்பாலும் உறங்கத் தகுந்த இடத்தாலுமே என்பதை உணர்தல் வேண்டும். ஊர்ப் பெரியோர், ஓட்டல் மேசை துடைக்கும் சிறுவனைக் கண்டால் அவனைப் பள்ளிக்கு அனுப்ப முன்வருதல் வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 எந்நேரமும் இயங்குகிறது.

விருந்தினர் முகம் வாடாமல் காப்பது விருந்தோம்பல் எனக் கற்றோம். பரிமாறுபவரின் முகமும் வாடாதிருக்கும் உணவகமே அச்சொல்லுக்கு முழுதும் உரியதாகும்.