கசங்காத விரிப்பு எது?

பள்ளிப் படிப்பை முடித்து விடுதியில் தங்கப் போகும் மாணவர் ஒவ்வொருவரும் முதலில் வாங்கும் பொருள்களுள் ஒன்று படுக்கை விரிப்பு. கடைக்காரர் பத்து விரிப்புகளை எடுத்துப் போட்டு, "இதற்கு இஸ்திரியே வேண்டாம்" என்று ஒன்றைக் காட்டுவார். விலையும் சற்றுக் கூடுதலாக இருக்கும். அவர் சொல்வது உண்மையா? உண்மையானால், அந்த வசதிக்காக நாம் எதை இழக்கிறோம்? விரிப்பின் மேல் நாள்தோறும் ஏழெட்டு மணி நேரம் படுக்கப் போகிறவர் நீங்கள்தாம். ஆகவே இக்கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

துணி ஏன் கசங்குகிறது?

பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. செல்லுலோஸின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். அருகருகே கிடக்கும் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒன்றோடொன்று சேர்த்து வைத்திருக்கின்றன. இப்பிணைப்புகள் தனித்தனியே வலிமை குறைந்தவை. ஆனால் எண்ணிக்கையில் மிகப் பல.

துணியை மடிக்கும்போது மடிப்பின் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. சங்கிலிகள் சற்றே நழுவுகின்றன. பழைய பிணைப்புகள் அறுந்து, நழுவிய இடத்திலேயே புதிய பிணைப்புகள் தோன்றிவிடுகின்றன. இப்போது கையை எடுத்துவிட்டாலும் துணி பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. புதிய பிணைப்புகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. இதுவே கசங்கல்.

இதில் நீருக்குப் பெரும் பங்கு உண்டு. நீர் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து, பிணைப்புகளைத் தாமே பங்கு போட்டுக்கொள்கின்றன. சங்கிலிகள் எளிதாக நழுவுகின்றன. ஈரத்துணி உலரும்போது நீர் வெளியேறி, அந்த நேரத்தில் துணி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே பிணைப்புகள் மீண்டும் அமைகின்றன. வாளியில் சுருட்டிப் போட்டு உலர்ந்துபோன வேட்டி கசங்கியே இருப்பதும், இஸ்திரி போடுபவர் நீர் தெளித்துவிட்டுப் பெட்டியை வைப்பதும் ஒரே விதியின் இரு பக்கங்கள்.

பாலியெஸ்டரின் வழி வேறு

1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் ஓர் இழையை உருவாக்கினர். டெரிலீன் என்று பெயர் பெற்ற அந்த இழையே பாலியெஸ்டர். அதன் சங்கிலிகளில் நீரோடு பிணைய வாய்ப்பு மிகக் குறைவு. சாதாரண அறைக்காற்றில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு ஈரத்தை ஏற்று வைத்திருக்கும். பாலியெஸ்டரோ அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே ஏற்கும். எனவே ஈரத்தால் அது இளகுவதில்லை.

வெப்பத்தால் இளகும். சுமார் 70 முதல் 80 டிகிரி செல்சியஸில் அதன் சங்கிலிகள் அசையத் தொடங்குகின்றன. அதற்குக் கீழே அது விறைப்பாகவும் மீள்தன்மையோடும் இருப்பதால், மடித்துவிட்டால் மீண்டும் நிமிர்ந்துகொள்ளும். ஆனால் கொதிநீரில் துவைத்து முறுக்கிப் பிழிந்தால், அந்த வெப்பநிலையில் விழுந்த மடிப்பு ஆறியதும் நிலைத்துவிடும். பாலியெஸ்டர் கலந்த விரிப்பைக் குளிர்ந்த நீரிலேயே அலச வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

நெசவும் ஒரு காரணம்

இழை ஒன்றே போதாது, நெசவையும் பாருங்கள். சாதா நெசவில் ஊடை நூல் ஒவ்வொரு பாவு நூலுக்கும் மேலும் கீழுமாக மாறி மாறிச் செல்கிறது. நூல்கள் நெருக்கமாகப் பூட்டப்பட்டிருப்பதால், மடித்தவுடன் அவற்றுக்கு நகர இடமில்லை. மடிப்பு கூர்மையாக விழுகிறது. ட்வில், சாட்டின் நெசவுகளில் ஒரு நூல் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நூல்களைத் தாண்டிச் செல்கிறது. நூலுக்குச் சற்று அசைய இடம் இருப்பதால் மடிப்பு மென்மையாகவே விழும். பனியன் துணி அதிகம் கசங்காததும் இதனால்தான்; அதிலுள்ள கண்ணிகள் வளைந்து கொடுத்து மீள்கின்றன.

"நூல் எண்ணிக்கை அதிகம், ஆகவே உயர்ந்த ரகம்" என்று கடையில் சொல்வதுண்டு. மெல்லிய நூலை நெருக்கிச் சாதா நெசவில் நெய்த துணி வழவழப்பாக இருக்கும். ஆனால் இஸ்திரியை அதிகம் கேட்பதும் அதுவே. சற்றுப் பருத்த நூலில் நெய்த துணி எளிதில் கூர்மையாக மடிவதில்லை.

கண்ணுக்குத் தெரியும் கசங்கல் வேறு, துணியில் உள்ள கசங்கல் வேறு என்பதையும் நினைவிற் கொள்க. மடிப்பின் ஒரு பக்கம் ஒளியைப் பெறுகிறது. மறுபக்கம் நிழலில் இருக்கிறது. அந்த வேறுபாட்டையே நாம் காண்கிறோம். ஒரே நிறமுள்ள வெளிர் விரிப்பில் அது பளிச்சென்று தெரியும். ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலை விரிப்புகளைப்போல் கட்டமும் கோடும் போட்ட துணியில், நிற வேறுபாடுகளுக்கு நடுவே அந்த நிழல் மறைந்துபோகும்.

"இஸ்திரி வேண்டாம்" என்னும் துணி

இவ்வாறு விற்கப்படும் விரிப்புகள் இரு வகை. ஒன்று, பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்தது. மற்றொன்று, முழுப் பருத்தியாகவே இருந்து வேதிமுறையில் பதப்படுத்தப்பட்டது. இரண்டாவது வகையில், வலுவற்ற ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டும் நம்பாமல், சங்கிலிகளுக்கு இடையே வலிமையான குறுக்குப் பாலங்களை அமைத்துவிடுகிறார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வுக்கூடத்தில் இத்துறையில் உழைத்தவர்களுள் ரூத் பெனரிட்டோ (1916–2013) என்னும் பெண் விஞ்ஞானி குறிப்பிடத்தக்கவர்.

இதற்கு விலை உண்டு. பாலங்கள் சங்கிலிகளை இறுக்கிவிடுவதால் இழையின் வலிமை குறைகிறது. துணி விரைவில் தேய்கிறது. மேலும், பெரும்பாலும் இதற்குப் பயன்படும் பிசின்கள் ஃபார்மால்டிஹைடிலிருந்து ஆக்கப்படுபவை. அதன் எச்சம் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. இத்தகைய விரிப்பை வாங்கினால் ஒருமுறை நன்றாக அலசிய பிறகே விரிக்க வேண்டும். கலப்புத் துணிக்கும் ஒரு குறை உண்டு. பாலியெஸ்டர் மிகுந்த விரிப்பு வியர்வையை ஏற்காது. கோடை இரவில் முதுகு பிசுபிசுக்கும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

வீட்டில் கிடைக்கும் பழைய துணிகளிலிருந்து 6 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் உள்ள பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். முழுப் பருத்தி, கலப்புத் துணி, பனியன் துணி என்று மூன்று இருந்தால் போதும். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்து, கனமான புத்தகத்தின் கீழ் 5 நிமிடம் வையுங்கள். பிறகு எடுத்து, மேசைமேல் V வடிவில் விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். அப்போதுதான் புவியீர்ப்பு மடிப்பைத் திறக்கவோ மூடவோ செய்யாது. மேலும் 5 நிமிடம் கழித்து, விரிந்த கோணத்தைக் கோணமானியால் அளந்து எழுதுங்கள். முழுமையாக மீண்டால் 180 டிகிரி. மீளவே இல்லையென்றால் 0.

அடுத்து, பருத்திப் பட்டையை நனைத்து மடித்து, புத்தகத்தின் கீழ் உலரும்வரை வைத்துவிட்டு அளந்து பாருங்கள். கோணம் எவ்வளவு குறைந்தது? கலப்புத் துணியிலும் அதே அளவு குறைந்ததா? விடையை உங்கள் அளவீடே சொல்லும்.

மின்சாரக் கணக்கு

ஒற்றைக் கட்டிலுக்குரிய பருத்தி விரிப்பின் எடை சுமார் 500 கிராம் என்று கொள்வோம். அதில் இன்னும் 100 கிராம் நீர் இருக்கும்போதே இஸ்திரி போடுகிறோம். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு அந்நீரைச் சூடாக்க 7,000 கலோரி வேண்டும். ஆவியாக்க, கிராமுக்கு 540 வீதம் 54,000 கலோரி. மொத்தம் 61,000 கலோரி. அதாவது ஏறத்தாழ 2,56,000 ஜூல். 1,000 வாட் பெட்டி, வெப்பம் சிறிதும் வீணாகாமல் வேலை செய்தாலும், இதற்கு 256 விநாடி, அதாவது நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். நீர் இருமடங்கானால் நேரமும் இருமடங்கு. இந்த வேலையை வெயில் இலவசமாகவே செய்கிறது. ஆகவே கொடியில் நன்றாக உலர்த்திவிட்டு, கை வைத்தால் இலேசான ஈரம் தெரியும் நிலையில் பெட்டியை எடுங்கள்.

துணிச்சீட்டில் இஸ்திரிப்பெட்டிப் படத்துக்குள் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. பருத்தி உருகாது; சூடு மிகுந்தால் கருகும். பாலியெஸ்டரோ சுமார் 260 டிகிரியில் உருகும். அதற்கு முன்பே இளகிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். கலப்புத் துணிக்குப் பாலியெஸ்டருக்கு உரிய குறைந்த சூட்டையே வைக்க வேண்டும். நீரைத் துணியில்தான் தெளிக்க வேண்டும். மின்பெட்டியின் மேல் படக்கூடாது.

ஆக, எதை வாங்கலாம்?

நம் ஊர் வெப்பத்துக்கு, சற்றுப் பருத்த நூலில் நெய்த, கோடோ கட்டமோ போட்ட பருத்தி விரிப்பே முதல் தேர்வு. மழைக்காலத்தில் விரைவில் உலர வேண்டும், இஸ்திரிக்கு வழியே இல்லை என்றால், பருத்தி பாதிக்குக் குறையாத கலப்புத் துணியை எடுங்கள். கடையில் ஒரு மூலையைக் கைப்பிடிக்குள் ஒரு நிமிடம் இறுகப் பிடித்து விட்டுப் பாருங்கள். கடைக்காரர் சொல்லாததை அது சொல்லும்.

துவைத்ததும் உதறி, ஓரங்களை இழுத்துவிட்டு உலர்த்துங்கள். இலேசான ஈரத்தோடு சீராக மடித்துக் கனமான பெட்டியின் அடியில் வையுங்கள். பிறகு விரித்துக் காற்றாட விடுங்கள். பெட்டியின் எடை தட்டையாக்கும். நீர் வெளியேறும்போது பிணைப்புகள் அந்தத் தட்டையான நிலையிலேயே பெரும்பாலும் அமைந்துவிடும். கரியும் மின்சாரமும் இல்லாமல் இஸ்திரி ஆகிவிட்டது அல்லவா?