பாத்திரக்கடையில் படித்த பாடம்



மலருக்குக் கட்டுரை கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, விண்வெளி, ரோபோ என்று பெரிதாக ஏதாவது எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான். அது பாத்திரக்கடை! சிரிக்காதீர்கள். நாளைக்கு அக்காவுக்கோ தங்கைக்கோ சீர்ப்பாத்திரம் எடுக்க நம்மைத்தான் கூட்டிப் போவார்கள். "படிச்ச புள்ள, நீ பாத்துச் சொல்லுடா" என்பார்கள். அன்றைக்கு இந்தக் கட்டுரை உதவும்.

நான் சொன்ன தீர்ப்பு

அப்பா கொத்தனார், அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். போன வருடம் ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம். அப்போது நான் டிப்ளமோ சேர்ந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அம்மா இரண்டு வருடம் சீட்டுக் கட்டி எடுத்த 15,000 ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு, ஆடியில் ஒரு மண்டபத்தில் நடந்த தள்ளுபடி விற்பனைக்குப் போனோம். குடம், அண்டா, தூக்கு, சம்படம் எல்லாம் எடைக்கு, ஒரே விலை. கண்ணாடி மாதிரி பளபளப்பு!

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஒவ்வொன்றிலும் வைத்தேன். ஒட்டவில்லை. சுற்றி நின்றவர்கள் பார்க்க, "ஒரிஜினல்தாம்மா, எடு" என்றேன். என் ஒரு சொல்லில் பணம் முழுதும் போயிற்று. பில்கூட வாங்கவில்லை.

தைப் பொங்கலுக்கு அக்கா வந்தாள். புளி போட்டு வைத்த சம்படத்தில் பழுப்புப் புள்ளிகள். உப்பு டப்பாவின் அடியில் ஊசி குத்தியது போல் ஓட்டைகள். "உங்க வீட்ல இரும்பத்தான் சீரா குடுத்தாங்களான்னு அத்தை கேக்குறாங்கடா" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெரியவரின் சோதனை

இரண்டு டப்பாக்களை எடுத்துக்கொண்டு கும்பகோணம் கடைத்தெருவுக்குப் போனேன். பத்துக்குப் பத்து அடி இருக்கும் ஒரு சின்னக் கடை. கூரையிலிருந்து தூக்குச்சட்டிகள் தொங்க, நடுவில் ஒரு பெரியவர். டப்பாவை வாங்கி விரலால் சுண்டினார். பிறகு ஒரு சின்னப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு மருந்தை விட்டு, 9 வோல்ட் பேட்டரியை வைத்தார். சொட்டு சிவந்தது.

"தம்பி, இதுல மாங்கனீசு ஜாஸ்தி. 200 வரிசைத் தகடு. நீ ஏமாந்துட்ட."

"காந்தம் ஒட்டலையே ஐயா?"

அவர் தன் கடைச் சரக்கு ஒன்றை எடுத்து, விளிம்பில் என் காந்தத்தை வைத்தார். லேசாக இழுத்தது! "அப்ப இது டூப்ளிகேட்டா?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். "இதான் நல்லது. வளைச்ச எடத்துல, இழுத்த எடத்துல கொஞ்சம் புடிக்கும். நாப்பது வருஷமாப் பாக்குறேன். ஏன்னு நீ படிச்சு வந்து எனக்குச் சொல்லு."

மறுநாள் எங்கள் விரிவுரையாளரிடம் கேட்டேன். அவர் சொன்னதைத்தான் கீழே எழுதுகிறேன்.

எவர்சில்வர் என்பது என்ன?

இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால், மேலே கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் உண்டாகும். அதுதான் துருவைத் தடுக்கிறது. கடையில் பார்ப்பது பெரும்பாலும் மூன்று வகை.

1. 304 வகை: குரோமியம் சுமார் 18, நிக்கல் சுமார் 8 சதவீதம். புளி, எலுமிச்சைக்கு நன்றாகத் தாங்கும்.

2. 200 வரிசை: விலை அதிகமான நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது. பளபளப்பில் குறைவில்லை, விலை மலிவு. ஆனால் உப்பிலும் புளியிலும் சீக்கிரம் தோற்றுவிடும்.

3. 430 வகை: நிக்கல் கிடையாது என்றே சொல்லலாம். காந்தம் நன்றாக ஒட்டும். அதுவும் எவர்சில்வர்தான், போலி அல்ல. இண்டக்ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம்தான் வேண்டும்.

304, 200 வரிசை இரண்டுமே ஆஸ்டினைட் அமைப்பு உள்ளவை. எனவே இரண்டிலும் காந்தம் ஒட்டாது. தகட்டைக் குளிர்நிலையில் அழுத்தி இழுக்கும்போது, வளைந்த இடத்தில் கொஞ்சம் ஆஸ்டினைட் மார்ட்டன்சைட்டாக மாறுகிறது. அங்கே காந்தம் லேசாகப் பிடிக்கும். ஆகவே காந்தத்தை வைத்து 304-ஐயும் 200-ஐயும் பிரித்தறிய முடியாது. நான் மண்டபத்தில் செய்தது சோதனையே அல்ல, வெறும் பந்தா!

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கனம்: தகட்டின் கனத்தைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள். கேஜ் எண் கூடினால் கனம் குறையும். 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7. "22 கேஜ், 18-ஐ விட ஒசத்தி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எடை: தராசில் அரசு முத்திரை இருக்கிறதா, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அட்டைப் பெட்டியோடு எடை போட விடாதீர்கள்.

குக்கர்: ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2021 பிப்ரவரி 1 முதல் வீட்டுக் குக்கருக்கு இது கட்டாயம். உள்ளே தண்ணீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது. சேஃப்டி வால்வு விளையாட்டுப் பொருள் அல்ல. அந்தக் குக்கருக்கு உரிய வால்வையும் காஸ்கெட்டையும் கேட்டு வாங்குங்கள்.

ஈயச்சொம்பு: ரசத்துக்கு வைப்பது வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் சொம்பு இருக்காது! காரீயம் கலந்திருந்தால் உடம்புக்கு விஷம். எனவே தெரிந்த கடையில் மட்டும் வாங்குங்கள்.

பில்: இதை விடவே கூடாது. வகையையும் எடையையும் அதில் எழுதச் சொல்லுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கையில் பில் இல்லாததால் என்னால் எங்கும் முறையிட முடியவில்லை.

சின்னக் கடை ஏன்?

சின்னக் கடை எல்லாமே யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய கடை எல்லாம் மோசமும் இல்லை. ஆனால் அந்த மண்டபத்து விற்பனை பத்து நாளில் மூட்டை கட்டிப் போய்விட்டது. பெரியவர் நாளைக்கும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார். திரும்பிப் போய்க் கேட்க ஒரு முகம் இருக்கிறது. பழைய பாத்திரத்தை எடைக்கு எடுத்துக்கொள்கிறார். காது கழன்ற தூக்குக்குப் பற்று வைத்துத் தருகிறார்.

இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு சித்தாள் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். மார்ட்டன்சைட் கதையைச் சொன்னேன். "அப்படியா சங்கதி!" என்று கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். 304-இல் புளிக்கு ஒரு சம்படம் எடுத்தேன். உப்புக்கும் ஒன்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. உப்பு எந்த எவர்சில்வரையும் அரிக்கும். பீங்கான் ஜாடி வாங்கிக்க. என்கிட்ட இல்ல, நாலு கடை தள்ளிப் போ."

தன் வியாபாரத்தை விட்டுக்கொடுத்து அவர் சொன்ன அந்த வார்த்தைக்குத்தான் நான் இனி அங்கே போவேன். மூடியில் அக்கா பெயரை வெட்டிக் கொடுத்தார். கீழே தேதியும் போடச் சொன்னேன்.

போன வருடத்துப் பாத்திரம் முழுதையும் மாற்ற என்னால் இன்னும் முடியவில்லை. ஒவ்வொன்றாக மாற்றுவேன். சம்படத்தை அம்மாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பில்லு வாங்கினியா?" என்றார்.

வாங்கியிருந்தேன் நண்பர்களே! நீங்களும் வாங்குங்கள். படித்தவன் என்று நம்மை நம்பி நாலு பேர் நிற்கும்போது, தெரிந்ததைச் சொல்வோம். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்போம்.

- இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை