கேட்டலும் மருத்துவமே

நோயுற்றார் மருத்துவரை நாடிச் செல்வர். மருத்துவர் நாடி பார்ப்பார், நெஞ்சில் கருவியை வைத்து ஓசை கேட்பார், குருதியைச் சோதிப்பார். இவற்றால் மட்டும் அறியப்படாத செய்திகளும் உண்டு. வலி எப்பொழுது தொடங்கிற்று, இரவில் மிகுகின்றதா, முன்பு கொடுத்த மருந்தை ஒழுங்காக உண்ண முடிந்ததா என்பன நோயாளர் வாய்திறந்து சொன்னாலன்றி விளங்கா. ஆதலின், நோய் நீக்கும் பணியில் நோயாளருக்கும் பங்குண்டு. மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்த திருவள்ளுவர், நோயுற்றவனையே முதற்கூறாக எண்ணினார். மருத்துவனை அவனுக்கு அடுத்து வைத்தார்.

ஆயினும், நோயாளர் தம் குறைகளை முழுவதும் சொல்லி முடிக்கின்றனரா? 1984-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இருவர் இது குறித்து ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மருத்துவரும் நோயாளரும் உரையாடிய 74 சந்திப்புகளை அவர்கள் ஆராய்ந்தனர். நோயாளர் பேசத் தொடங்கிய பின், சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டனர். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தவர் நூற்றுக்கு 23 பேரே ஆவர். முதலில் சொல்லும் குறையே பெருங்குறை என்று கொள்வதற்கில்லை. அச்சமோ நாணமோ தரும் செய்தியைச் சிலர் இறுதியிலேயே சொல்வர். இடையில் தடுக்கப்பட்டால் அது சொல்லப்படாமலே போய்விடும். சொல்லப்படாத நோய்க்கு மருந்து ஏது?

“யாவரையும் பேசவிட்டால் காலம் போதுமா?” என்று சிலர் ஐயுறலாம். இதற்குச் சுவிட்சர்லாந்து நாட்டின் பேசெல் நகர மருத்துவர்கள் 2002-ஆம் ஆண்டில் விடை கண்டனர். அவர்கள் 335 வெளிநோயாளர் பேசியதைக் குறுக்கிடாது கேட்டனர். நோயாளர் தாமாகப் பேசிய நேரம் சராசரியாக 92 விநாடிகளே. நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடங்களுக்குள் முடித்துவிட்டனர்.

வினவும் முறைக்கும் ஆற்றல் உண்டு. ஆங்கிலத்தில் ‘எனிதிங்’ என்ற சொல்லை இட்டு, “வேறு ஏதேனும் உண்டா?” என வினவினால், அவ்வினா ‘இல்லை’ என்ற விடையை நோக்கி இழுக்கும். ‘சம்திங்’ என்ற சொல்லை இட்டு வினவினால், ‘உண்டு’ என்ற விடை எளிதில் வரும். 2007-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், பல குறைகளுடன் வந்தவர்களுள் முன்னைய வினாவிற்கு ‘உண்டு’ என்றவர் நூற்றுக்கு 53 பேர். பின்னையதற்கு அவ்வாறு விடையளித்தவர் 90 பேர். நம் மொழியிலும், “வேறொன்றுமில்லையே?” என்று கேட்பதற்கும், “இன்னும் என்ன சொல்ல வேண்டும்?” என்று கேட்பதற்கும் வேறுபாடு உண்டன்றோ?

மாணவர்களே, மருத்துவர் செவிகொடுத்தால் மட்டும் போதாது. நாமும் பேசக் கற்றல் வேண்டும். வீட்டு முதியோருடன் மருத்துவமனைக்குச் செல்லுங்கால், அவர்தம் குறைகளை முன்னரே ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள். மருந்து உண்ணும் முறை விளங்காவிடின் மீண்டும் கேளுங்கள். கேட்டறிவதில் நாணம் வேண்டா. மருத்துவரின் செவியும் நோயாளரின் சொல்லும் ஒன்று சேரும் இடத்தில் தான் மருத்துவம் முழுமை பெறும்.