தேய்ந்த தீவு மறுபடி வளர்ந்த கதை தெரியுமா?

கனடாவின் மிகச் சிறிய மாகாணம் பிரின்ஸ் எட்வர்ட் தீவு. பரப்பளவு வெறும் 5,660 சதுர கிலோமீட்டர். ஆனால் 2016-க்கும் 2021-க்கும் இடையே, கனடாவின் பத்து மாகாணங்களில் மக்கள்தொகை மிக வேகமாகப் பெருகியது இந்தக் குட்டித் தீவில்தான் என்பது தெரியுமா? 1,42,907 பேர் ஐந்தே ஆண்டுகளில் 1,54,331 ஆனார்கள். அதற்குப் பிறகும் வேகம் குறையவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் 1,70,000-ஐத் தாண்டிவிட்டது!

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? இதே தீவு ஒரு காலத்தில் ஊர் ஊராகக் காலியாகிக்கொண்டிருந்தது! 1891-இல் அங்கே 1,09,078 பேர் இருந்தார்கள். மரக்கப்பல் கட்டும் தொழில் படுத்துவிட்டது. இளைஞர்கள் பிழைப்புத் தேடி பாஸ்டன் பக்கம் கிளம்பினார்கள். 1931-இல் கணக்கெடுத்தால் மிஞ்சியவர்கள் 88,038 பேர்தான். 1891-இன் எண்ணிக்கையை மறுபடி தாண்டியது 1971 கணக்கெடுப்பில். எண்பது ஆண்டுகள்!

ஆள் குறைந்தால் அதிகாரமும் குறையும் அல்லவா? 1873-இல் கனடாவோடு சேர்ந்தபோது நாடாளுமன்றத்தில் தீவுக்கு 6 இடங்கள். அது தேய்ந்து 4 ஆகி, 3 ஆகும் நிலை வந்ததும் தீவுக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். செனட் உறுப்பினர்களின் எண்ணிக்கைக்குக் கீழே எந்த மாகாணத்தின் மக்களவை இடங்களும் போகக்கூடாது என்று 1915-இல் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று! அன்று காப்பாற்றிக்கொண்ட அந்த 4 இடங்கள்தான் இன்றைக்கும்.

எல்லோரும் வெளியேறிய அந்தக் காலத்திலேயே உள்ளே வந்தவர்களும் உண்டு, தெரியுமா? 1880-களிலிருந்து லெபனான்காரர்கள் வந்தார்கள். துணிமணியும் சில்லறைச் சாமான்களும் கட்டிய மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, பண்ணை பண்ணையாக நடந்து விற்றார்கள். பிறகு தெருமுனையில் கடை போட்டார்கள். அப்படிக் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை ஜோ கிஸ் 1986-இல் மாகாண முதல்வரானார். ஐரோப்பிய வம்சாவளி அல்லாத ஒருவர் கனடாவில் ஒரு மாகாணத்தின் முதல்வரானது அதுவே முதல் முறை! 2007-இல் அவர் மகன் ராபர்ட் கிஸ்ஸும் அதே நாற்காலியில் அமர்ந்தார்.

1997-இல் 12.9 கிலோமீட்டர் நீளப் பாலம் தீவைப் பெருநிலத்தோடு இணைத்தது. உறையும் கடல்மேல் கட்டிய பாலங்களில் உலகிலேயே நீளமானது இதுதான்! ஆனாலும் ஆள் பஞ்சம் தீரவில்லை. 2017-இல் அட்லாண்டிக் கரையின் நான்கு மாகாணங்களுக்கும் தனிக் குடியேற்றத் திட்டம் வந்தது. உள்ளூர் முதலாளி வேலை தருவதாக எழுதிக்கொடுத்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு வழி பிறக்கும். 2019-இல் கனடாவின் எந்த மாகாணத்தையும்விட வேகமாக வளர்ந்த பொருளாதாரம் எது தெரியுமா? இதே தீவுதான்!

அந்த வளர்ச்சி எந்தக் கைகளில் நிற்கிறது என்று பார்க்க வேண்டுமானால் சிங்கி இறால் ஆலைக்குள் போக வேண்டும். வசந்த காலப் பருவம் மே தொடங்கி ஜூன் முடிவு வரை. தென்மேற்குக் கரையில் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை இன்னொன்று. படகுகள் வந்தபடியே இருக்கும். செத்த இறால் சட்டென்று கெட்டுவிடும் என்பதால் உயிரோடு இருக்கும்போதே வேக வைத்தாக வேண்டும். பிறகு கொடுக்கை முறித்து, ஓட்டை உடைத்து, சதை பிய்ந்துவிடாமல் முழுசாக உருவி எடுக்க வேண்டும். ரப்பர் பூட்ஸும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு, ஈரத் தரையில் குளிரில் நின்றபடி மணிக்கணக்கில் இதே வேலை. மெக்சிகோவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தவர்கள் இல்லையென்றால் பல ஆலைகளில் இயந்திரம் ஓடாது. மீனவரின் வருமானமே அவர்கள் விரல் நுனியில் இருக்கிறது!

ஆட்கள் வந்தார்கள், வீடுகள் வரவில்லை. 2018-இல் தலைநகர் சார்லட்டவுனில் வாடகைக்குக் காலியாக இருந்த வீடுகள் 0.2 சதவீதம். ஆயிரத்துக்கு இரண்டு! குடும்ப மருத்துவருக்காக ஆயிரக்கணக்கானோர் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இந்த நெருக்கடி நிஜம். ஆனால் அதற்கு விலை கொடுத்தது யார் தெரியுமா?

2024 தொடக்கத்தில் மாகாண அரசு, நிரந்தர வசிப்புரிமைக்குத் தான் பரிந்துரைக்கும் எண்ணிக்கையை 25 சதவீதம் குறைத்தது. மருத்துவம், கட்டுமானம், குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு முன்னுரிமை. கடைகளிலும் உணவகங்களிலும் வேலை பார்த்தவர்களுக்கு வாசல் ஏறக்குறைய அடைபட்டது. அவர்களில் பலர் இந்திய இளைஞர்கள். படிக்கப் பெரும் பணம் கட்டி வந்து, வேலை தேடி, வரியும் செலுத்தியவர்கள். பணி அனுமதிச் சீட்டின் காலம் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியவர்கள். மே மாதம் சார்லட்டவுனில் போராட்டத்தில் இறங்கினார்கள். உண்ணாவிரதமும் இருந்தார்கள். நாங்கள் வந்தபோது இருந்த விதிப்படியே எங்கள் மனுக்களைப் பாருங்கள் என்பதே அவர்களின் முக்கியக் கோரிக்கை. அது முழுக்க நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். வீடு கட்டத் தவறிய குற்றம் காபிக் கடையில் நின்று வேலை செய்தவருடையது அல்ல!